போலீஸ் அடியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாமா? அமெரிக்க மேடைக் காமெடியும் எங்கள் ஊர்த் திருவிழா நாடகமும்

குடமுருட்டி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். வைகாசியில் மாரியம்மன் கோயில் திருவிழா முடியும் இரவு எங்கள் மன்றத்துப் பையன்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடுவோம். பதினொரு வருடமாகப் போடுகிறோம், கதை எது மாறினாலும் நடுவில் வரும் போலீஸ் காமெடி மட்டும் மாறாது. தொப்பைக்கு ஒரு தலையணை, பெரிய மீசை, மாமூலாக ஒரு சீப்பு வாழைப்பழம், திருடனைத் துரத்தும்போது அவிழ்ந்து விழும் பெல்ட். ஊரே சிரிக்கும், பந்தோபஸ்துக்கு வந்து நிற்கிற போலீஸ்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

இந்த வருடம் அதை எழுத எனக்குக் கை ஓடவில்லை.

தை கடைசியில் என் சித்தி மகன், இருபத்திரண்டு வயது, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு ஐந்து நாள் காவல் கிடந்தான். ஐந்தாம் நாள் ராத்திரி சித்தப்பா போய் அவனை மாற்றிவிட்டார். பனியில் நனைந்த தார்ப்பாய் ஒன்றைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். வழியில் வண்டிச் சோதனை. லைசென்ஸ் இருந்தது, ஆர்சி புக் இருந்தது, ஹெல்மெட்டும் போட்டிருந்தான். தார்ப்பாய் யாருடையது என்று கேட்டார்கள், எங்களுடையது என்றான். எந்த ஊர் என்றார்கள், சொன்னான். ஊரில் எந்தத் தெரு என்றார்கள், அதையும் சொன்னான். அதற்கப்புறம் பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது. விடியற்காலை மூன்று மணி வரை ஸ்டேஷனில் உட்காரவைத்து, கன்னத்தில் அறைந்து, திருட்டுத் தார்ப்பாய் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் வழக்கு எதுவும் இல்லாமல் போகச் சொல்லிவிட்டார்கள், அதனால் நடந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் இல்லை. 'எந்தத் தெரு' என்ற கேள்விக்கு என்ன பொருள் என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வாரம் தூக்கம் பிடிக்காமல் யூடியூபில் எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது ரிச்சர்ட் பிரையர் என்ற கறுப்பினக் காமெடியன் பேசியது ஒன்று வந்தது. 1974இல் பதிவானது. எனக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும், கீழே ஓடும் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். வெள்ளைக்காரரை டிராஃபிக் போலீஸ் நிறுத்தினால் ஏதோ அண்டை வீட்டுக்காரரோடு பேசுவதுபோலப் பேசுகிறார். கறுப்பர் ஒருவரை நிறுத்தினால் அவர் லைசென்ஸை எடுக்கத் தன் கையைப் பைக்குள் விடுவதைக்கூட உரக்க அறிவித்துவிட்டுத்தான் செய்கிறார், இல்லையென்றால் சுட்டுவிட்டு ஏதோ தவறுதலாக நடந்துவிட்டது என்பார்கள். சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் தொண்டை அடைத்தது, தம்பி அந்தத் தார்ப்பாயோடு ரோட்டில் நிற்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த ஊர்க்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்? அடிபட்டவனை மட்டம் தட்டாமல், நடந்ததைச் சப்பென்று ஆக்காமல், ஆனால் ஜனத்தையும் சிரிக்கவைத்து? எங்கள் மேடையில் இது நடக்குமா, அல்லது நான் எழுதினால் தம்பிக்கு இன்னொரு அறை விழுந்த மாதிரி ஆகிவிடுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு:

தம்பி, படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம், பதினான்கு வருடமாக ஓஹையோவில் டேட்டன் நகரத்துப் பக்கம் இருக்கிறேன்.

பிரையரைப் பற்றி முதலில். 1979இல் வந்த மேடை நிகழ்ச்சிப் படம் ஒன்றில் அவர் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் கழுத்துப் பிடியைப் பற்றிப் பேசுவார். ஆளைக் கழுத்தில் பிடித்து அழுத்தியதும் ஏதோ முறிந்துவிடுகிறது. உடனே ஒரு போலீஸ்காரருக்குப் பயம் வந்து, இப்படி உடைக்க நமக்கு அனுமதி இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறார், பக்கம் போட்டு இருக்கிறது, உடைக்கலாம் என்று. இதில் போலீஸ்காரருக்குத் தொப்பையும் இல்லை, பெல்ட்டும் அவிழவில்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறவர், விதியைப் பார்த்துத்தான் நடக்கிறார், பயங்கரமே அதுதான். உங்கள் நாடகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கோமாளிப் போலீஸைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் யாரும் ரோட்டில் நிறுத்தப்பட்டவன் இடத்தில் போய் நிற்பதில்லை. பிரையர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் சிரிக்கவிடுகிறார்.

அடுத்தது டேவ் ஷப்பெல் என்ற இன்னொரு கறுப்பினக் காமெடியன். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அடுத்த மாதமே ஷப்பெல் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில், திறந்தவெளியில், முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட அரை மணி நேரம் பேசினார். தலைப்பு 8:46. முழங்கால் கழுத்தில் இருந்தது எட்டு நிமிடம் நாற்பத்தாறு நொடி என்று அப்போது சொல்லப்பட்டது, பிறகு விசாரணையில் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் என்று வந்தது. தான் பிறந்த நேரமும் காலை 8:46 என்று அவர் சொல்வார். அதைச் சொல்லும்போது யாருக்கும் சிரிப்பு வராது, அவரும் வரவழைக்கப் பார்க்கவில்லை, இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். காமெடியன் என்பதற்காக எல்லா இடத்திலும் சிரிக்கவைத்தாக வேண்டும் என்று இல்லை, தம்பி.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பக்கத்தில் நடந்தது. 2014 ஆகஸ்டில் பீவர்கிரீக் வால்மார்ட்டில் ஜான் கிராஃபோர்டு என்ற இருபத்திரண்டு வயது கறுப்பினப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவன் கையில் இருந்தது அதே கடையில் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு காற்றுத் துப்பாக்கி. நான் மளிகை வாங்கும் கடை அது. சுட்ட போலீஸ்காரர்தான் முதல் நாள் ராத்திரி ஷப்பெலின் காரை மறித்து எச்சரித்து அனுப்பியவர் என்று ஷப்பெலே அந்தப் பேச்சில் சொல்கிறார். உன் தம்பிக்கும் இருபத்திரண்டு என்று படித்ததும் எனக்கு அந்தக் கடைதான் நினைவுக்கு வந்தது.

ஆபீஸில் சிலர் சேர்ந்து பிரையரின் அந்தப் படத்தைப் பார்த்தோம். வெள்ளைக்கார நண்பர்கள் ஜோக் முடிந்ததும் சிரித்தார்கள். எங்களோடு இருந்த கறுப்பின அம்மா ஒருவர் ஜோக் வருவதற்கு முன்பே சிரித்துவிட்டார், அவருக்கு அடுத்தது என்ன என்று தெரியும். அப்புறம்தான் சொன்னார், மகனுக்குப் பதினாறு வயது ஆனதும் கார் சாவியோடு ஒரு பாடமும் சொல்லித் தந்தாராம். கையை ஸ்டீயரிங் மேல் வை, சார் போட்டுப் பேசு, குனிந்து எதையும் எடுக்காதே, எடுக்க வேண்டியிருந்தால் முதலில் சொல்லிவிட்டு எடு. கறுப்பினக் குடும்பங்களில் இது பலர் வீட்டிலும் நடக்கும் பேச்சு. இரண்டு மூன்று முறை மகனை நடிக்கவைத்தும் பார்த்தாராம்.

வெட்டாறு:

நான் முப்பத்து மூன்று வருடம் போலீஸில் இருந்து எஸ்எஸ்ஐயாக, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளராக, ஓய்வு பெற்றவன். திருவாரூர் மாவட்டம். இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவிலும் திருவிழாவிலும் எங்களைத் தொப்பையும் வாழைப்பழமுமாகக் காட்டுகிறீர்கள். ஆழித்தேர் பந்தோபஸ்தில் இரண்டு நாள் நின்ற காலோடு நின்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைச் சிரிப்புப் போலீஸ் என்று கூப்பிட்டதாகச் சொல்லி அழுதாள். அமெரிக்காவில் கிறிஸ் ராக் என்ற காமெடியன் 2018இல் ஒன்று சொன்னார், அதை என் மகள்தான் மொழிபெயர்த்துச் சொன்னாள். போலீஸில் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை, கூடையில் ஒன்றிரண்டு அழுகல் பழம் இருக்கத்தான் செய்யும் என்கிறார்களே, விமானக் கம்பெனி அப்படிச் சொல்ல முடியுமா, எங்கள் பைலட்டுகளில் பெரும்பாலோர் ஒழுங்காகத் தரையிறக்குவார்கள், ஒரு சிலர் மட்டும் மலையில் மோதுவார்கள் என்று? முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் என்ன, எல்லோரும் மலையில் மோதுகிறவர்களா என்று மகளோடு சண்டை போட்டேன். அப்புறம் ராத்திரி படுத்தபோது அந்தப் பேச்சு விடவில்லை. சில வேலைகளில் ஒரு ஆள் தவறினாலும் தாங்காது, எங்கள் வேலை அப்படிப்பட்டது, அதைத்தான் அவர் சொல்கிறார். மாமூல் காமெடி எதுவும் என்னை அப்படித் தூங்கவிடாமல் செய்ததில்லை.

மகளோடு உட்கார்ந்து ப்ரூக்ளின் நைன்-நைன் என்ற அமெரிக்கத் தொடரும் பார்த்திருக்கிறேன். நியூயார்க் ஸ்டேஷன் ஒன்றில் நடக்கும் நகைச்சுவை, 2013இல் தொடங்கியது. எனக்குப் பிடித்திருந்தது, எங்கள் ஸ்டேஷனில் இருந்த நல்ல மனிதர்கள் ஞாபகம் வந்தார்கள். 2017இல் வந்த ஒரு பகுதியில் டெர்ரி என்ற கறுப்பின சார்ஜென்ட் மஃப்டியில் தன் தெருவில், பிள்ளை தொலைத்த பொருளைத் தேடி நடந்துகொண்டிருப்பார். இன்னொரு போலீஸ்காரர் வந்து நிறுத்துவார், இந்தத் தெருவில் உனக்கு என்ன வேலை என்று. டெர்ரியும் போலீஸ்தான், ஆனால் சீருடை இல்லாமல் அவர் யார் என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை, நிறம் மட்டும் தெரிந்தது.

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 'எந்தத் தெரு' என்று நானும் கேட்டிருக்கிறேன். முகவரிக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னால் பொய். பதிலைக் கேட்டதும் என் குரல் மாறியதும் எனக்குத் தெரியும். பணியில் சேர்ந்த வருடம் மூத்தவர் ஒருவர் கேட்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், யாரும் தப்பென்று சொன்னதில்லை, நான் கேட்பதைப் பார்த்து எனக்குப் பின்னால் வந்தவர்களும் கற்றுக்கொண்டிருப்பார்கள். குடமுருட்டித் தம்பி, உங்கள் நாடகத்தில் அந்தக் கேள்வியை வையுங்கள். தொப்பையை எடுத்துவிடுங்கள்.

கடைமடை:

வெட்டாறு ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் பதிலை அழித்து மறுபடி எழுதுகிறேன். நான் நாகப்பட்டினத்தில் வழக்கறிஞர்.

நாடகம் இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒன்று. தம்பியிடம் காகிதம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் காவல் நிலையத்திலும் சிசிடிவி இருக்க வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. அந்த இரவின் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்து மூலமாக இப்போதே கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுப்பதென்றால் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தம்பிக்கு விருப்பம் இருந்தால் மட்டும். பக்கத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழிகாட்டுவார்கள்.

அரசலாறு அண்ணன் சொன்ன கழுத்துப் பிடிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1976இல் அடால்ஃப் லயன்ஸ் என்ற கறுப்பின இளைஞரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் நிறுத்தியது, காரின் பின்விளக்கு எரியவில்லை என்று. அவர் எதிர்த்து எதுவும் செய்யவில்லை. கழுத்தைப் பிடித்து மயங்க வைத்துவிட்டார்கள். இனி இந்தப் பிடியைப் போடக் கூடாது என்று தடை கேட்டு அவர் போட்ட வழக்கு 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. காரணம் என்ன தெரியுமா, மறுபடியும் இதே மனிதரின் கழுத்தைத்தான் பிடிப்பார்கள் என்று அவரால் நிரூபிக்க முடியவில்லையாம். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி மார்ஷல், 1975க்குப் பிறகு அந்தப் பிடியால் பதினாறு பேர் செத்தார்கள், அதில் பன்னிரண்டு பேர் கறுப்பின ஆண்கள் என்று எழுதினார். பிரையரின் ஜோக்கில் விதிப் புத்தகத்தைப் புரட்டிய அந்தப் போலீஸ்காரரை இப்போது நினைத்துப் பாருங்கள். தீர்ப்பு வருவதற்கு நான்கு வருடத்துக்கு முன்பே மேடையில் ஒருவர் விஷயத்தின் நடுநரம்பைத் தொட்டுவிட்டார். காமெடியை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான், கோர்ட்டில் பக்கம் பக்கமாக எழுதியும் புரியவைக்க முடியாததை அது ஒரு நிமிடத்தில் புரியவைக்கிறது. ஆனால் அந்த ஜோக் யாருடைய கழுத்தையும் காப்பாற்றவில்லை, அதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் இன்றும் வருடத்துக்கு ஆயிரம் பேர் அளவில் போலீஸ் சுட்டுச் சாகிறார்கள், மக்கள்தொகைக் கணக்கில் கறுப்பர்கள் வெள்ளையரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

மேடையில் பேசியவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லென்னி புரூஸ் என்ற காமெடியனை ஆபாசமாகப் பேசினார் என்று 1964இல் நியூயார்க்கில் கைது செய்தார்கள். உரிமத் துறை ஆய்வாளர் ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து குறிப்பெடுத்து, கோர்ட்டில் அதைப் பார்த்து அவருடைய ஜோக்குகளைச் சொல்லிக் காட்டினார். நான்கு மாதத் தண்டனை. மேல்முறையீடு முடிவதற்குள் 1966இல் அவர் இறந்துவிட்டார். 2003இல்தான் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார், செத்து முப்பத்தேழு வருடம் கழித்து. நம் மாநிலத்திலும் நாடகத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லவும் தடுக்கவும் 1954இல் போட்ட சட்டம் ஒன்று இருந்தது, அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் மேடையில் ஸ்டேஷன் பெயர், ஆள் பெயர், தம்பியின் பெயர் எதுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதலில் தம்பியைக் கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் அந்த நாடகம் இல்லை.

கொள்ளிடம்:

என் அப்பா நாற்பது வருடம் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவர், நானும் ஐந்தாறு வருடம் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் தாளம் போட்டிருக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, சிரிப்பு எங்கே விழும் என்பது கொஞ்சம் தெரியும்.

ஸ்டேஷனைக் காட்டாதீர்கள். அறையைக் காட்டவே காட்டாதீர்கள். மேடையில் அறை விழுந்தால் நம் ஜனம் பழக்க தோஷத்தில் சிரித்துவிடும், அறை என்றாலே காமெடி என்று சினிமா பழக்கிவைத்திருக்கிறது, அப்போது உங்கள் தம்பி கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆவான்? ஷப்பெல் ஒரு பேட்டியில் இதைத்தான் சொல்லியிருக்கிறார், தன் டிவி நிகழ்ச்சிக்கு எடுத்த காட்சி ஒன்றுக்கு ஒரு வெள்ளைக்காரர் சிரித்த சிரிப்பு தனக்குச் சரியாகப் படவில்லை என்று. அந்த நிகழ்ச்சியையே பாதியில் விட்டுவிட்டுப் போனவர் அவர். யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதை எழுதுகிறவன் எழுதும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். அரசலாறு எழுதியிருக்கிறாரே, அமெரிக்காவில் அம்மா மகனுக்குப் பாடம் நடத்துகிறாள் என்று, அதை நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள். மகன் நெல்லுக்குக் காவல் போக வேண்டும். போவதற்கு முன்னால் அம்மா அவனைப் போலீஸ் கேள்விக்குத் தயார் செய்கிறாள். அம்மாதான் போலீஸ், கையில் துடைப்பம். எந்த ஊர் என்கிறாள், சொல்கிறான். குரல் பெரிதாக இருக்கிறது, குறைத்துச் சொல் என்கிறாள். குறைத்துச் சொன்னால், பயந்தவன் மாதிரி இருக்கிறது, திருடன் என்று நினைப்பார்கள் என்கிறாள். கையைக் கட்டினால் திமிர், கட்டாவிட்டால் மரியாதை இல்லை. அப்பா வந்து ஒரு யோசனை, பாட்டி வந்து ஒரு யோசனை. தார்ப்பாய்க்கு ரசீது தேடி வீட்டையே புரட்டுகிறார்கள், எட்டு வருடத்துக்கு முன்னால் பட்டுக்கோட்டைச் சந்தையில் வாங்கியது, ரசீது எங்கே இருக்கும்? ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும், ஏனென்றால் நிறையப் பேர் வீட்டில் இது நடந்திருக்கிறது. அந்தச் சிரிப்பு முழுக்க அம்மாவின் அன்பைப் பார்த்து வருவது, பையனை யாரும் மட்டம் தட்டவில்லை.

ஒவ்வொரு தடவையும் அம்மா 'எந்தத் தெரு' என்ற கேள்வி வரும்போது மட்டும் வேறு ஏதாவது கேட்டுத் தாண்டிவிடுவாள். மூன்று முறை தாண்டட்டும். நான்காவது முறை மகனே கேட்கிறான், அம்மா, எந்தத் தெரு என்று கேட்டால் என்ன சொல்ல? அம்மாவிடம் பதில் இல்லை. ஆர்மோனியத்தை நிறுத்திவிடுங்கள். அந்த அமைதியை எவ்வளவு நேரம் பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் பிடியுங்கள், யாராவது இருமும் வரைக்கும். அப்பா சொல்வார், சிரித்த வாய் மூடுவதற்குள் உள்ளே போட்டுவிடு என்று. அதற்கப்புறம் விளக்கை அணைத்துவிட்டு ரோட்டுக் காட்சிக்கு ஒரு டார்ச் வெளிச்சம் மட்டும் போதும்.

குடமுருட்டி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடைமடை அக்கா, நீங்கள் சொன்னபடி மனு எழுதி நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம், தம்பியே கையெழுத்துப் போட்டான். வெட்டாறு ஐயா, உங்கள் பதிலை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போனை வாங்கி இன்னொரு முறை தானாகப் படித்தான்.

கொள்ளிடம் அண்ணன் சொன்ன திண்ணைக் காட்சியை ஐந்து பக்கம் எழுதி, முந்தாநாள் சித்தி வீட்டில் வாசித்தேன். ரசீது தேடும் இடத்தில் சித்தி சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கியதை யாரும் பார்க்கவில்லை. 'எந்தத் தெரு' வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அந்த அம்மா வேஷத்தை ஆம்பிளைப் பையனுக்குக் கொடுக்காதே, நானே கட்டுகிறேன் என்றாள். எங்கள் மேடையில் இதுவரை பெண்கள் யாரும் ஏறியதில்லை, மன்றத்தில் பேசிப் பார்க்க வேண்டும்.

தம்பியிடம் கேட்டேன், இது உன் கதை, உனக்குச் சம்மதமா, வேண்டாம் என்றால் இப்போதே கிழித்துவிடுகிறேன் என்று. அவனுக்குச் சம்மதம்தான். ஆனால் மகன் வேஷம் வேண்டாமாம். டார்ச்சோடு வரும் போலீஸ்காரர் வேஷம் தனக்கு வேண்டும் என்கிறான், அந்தக் குரல் எங்கே மாறியது என்று மற்ற யாருக்கும் தெரியாது, நான்தான் சரியாகச் செய்வேன் என்கிறான். கொள்ளிடம் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போக முடியுமா?